இறங்கும் இடம்: கோஹெய் உச்சிமுராவும் ஆறு கருவிகளும்

2016 ஆகஸ்ட் 10 அன்று ரியோ டி ஜெனிரோவில் ஒரே வீரர் ஆறு கருவிகளிலும் ஆடும் ஆடவர் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஆல்ரவுண்ட் இறுதிப் போட்டி ஐந்து சுற்றுகளைக் கடந்திருந்தபோது, ஏழரை ஆண்டுகளாக இப்பிரிவில் யாரிடமும் தோற்காத ஜப்பானின் கோஹெய் உச்சிமுரா, உக்ரைனின் ஒலெக் வெர்னியாயேவைவிட 0.901 புள்ளி பின்தங்கியிருந்தார். எஞ்சியிருந்தது கிடைக்கம்பி ஒன்றுதான். உச்சிமுரா கம்பியை விட்டு மேலே பறந்து மீண்டும் பற்றும் அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்து, கடைசிக் கரணத்திலிருந்து இறங்கியபோது அவருடைய கால்கள் மெத்தையில் ஆணியடித்தாற்போல் நின்றன. கிடைத்தது 15.800. அடுத்து வந்த வெர்னியாயேவ் இறங்கும்போது நிலைகுலைந்து அடி எடுத்து வைத்தார், அவருக்கு 14.800. ஆறு கருவிகளையும் கூட்டிய கணக்கில் 92.365க்கு 92.266 என்று, 0.099 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் ஜப்பானுக்குப் போனது.

இந்த 0.099ஐ அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், நடுவர்களின் சலுகை என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். போட்டிக்குப் பின் நடந்த செய்தியாளர் சந்திப்பில், நடுவர்களுக்கு உங்கள்மீது தனிப் பரிவு உண்டா என்று உச்சிமுராவிடம் கேட்கப்பட்டபோது, அந்தக் கேள்வியே வீண் என்று மறுத்தவர் வேறு யாருமல்ல, தங்கத்தை இழந்த வெர்னியாயேவ்தான். எதிராளியின் பெருந்தன்மை என்று இதைக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொழிலின் உள்ளே இருப்பவனுக்கு, வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாத ஒரு கணக்கு தெரியும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் உச்சிமுரா யார் என்பதும் புரியும்.

அதற்கு 2004க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இதே ஆல்ரவுண்ட் பிரிவில் அமெரிக்காவின் பால் ஹாம் தங்கம் வென்றார். தென்கொரியாவின் யாங் டே யங் மூன்றாம் இடம் பெற்றார். யாங்கின் இணைக்கம்பி ஆட்டத்துக்கு 10.0 என்று இருந்திருக்க வேண்டிய தொடக்க மதிப்பை, அதாவது குறைகளைக் கழிக்கத் தொடங்கும் மதிப்பெண்ணை, நடுவர்கள் 9.9 என்று தவறாகக் குறித்திருந்தது பின்னர் வெளிவந்தது. அந்த 0.1 சேர்ந்திருந்தால் பதக்கங்களின் வரிசை மாறியிருக்கும் என்பதால் வழக்கு விளையாட்டுக்கான நடுவர் மன்றம்வரை போயிற்று. முடிவு மாறவில்லை, ஆனால் மதிப்பெண் முறையின்மீது இருந்த நம்பிக்கை போய்விட்டது. 2006 முதல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு, நிறைவான ஆட்டத்துக்குப் பத்து என்ற பழைய உச்சவரம்பையே தூக்கிவிட்டு, மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தது. ஒன்று கடினத்துக்கானது: ஆட்டத்தில் இருக்கும் அசைவுகளுக்கு அவற்றின் கடுமைக்கேற்ப 0.1, 0.2 என்று மதிப்புக் கூடிக்கொண்டே போகும், அதற்கு மேல்வரம்பு கிடையாது. மற்றொன்று செய்நேர்த்திக்கானது: பத்தில் தொடங்கி, வளைந்த முழங்கால், விரிந்த பாதம், இறங்கும்போது எடுத்த அடி என ஒவ்வொரு குறைக்கும் 0.1, 0.3, 0.5 என்று கழித்துக்கொண்டே வரும். கரணம் தப்பினால் மரணம் என்பது நம் பழமொழி. இந்த விதிப்புத்தகம் சற்றே இரக்கமுள்ளது, கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளியோடு விட்டுவிடும்.

மேல்வரம்பு இல்லாத பக்கத்தில்தான் எல்லோருடைய கண்ணும் போயிற்று. இன்னொரு சுழற்சி, இன்னும் ஒரு கரணம் என்று ஆட்டத்தைக் கனமாக்கும் போட்டி தொடங்கியது. ஆனால் இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. ஓர் அசைவை அதைவிட ஒரு படி கடினமான அசைவாக மாற்றினால் கூடுவது 0.1, அந்தக் கடினத்தைச் சமாளிக்க முடியாமல் உடல் கோணி, இறங்கும்போது ஒரு பெரிய அடி எடுத்து வைத்தால் போவது 0.3. கடினத்தைக் கூட்டினால் நேர்த்தி குறையும், நேர்த்தியைப் பேணினால் கடினம் குறையும் என்பதை அன்றைய வீரர்கள் பலர் இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டு, தத்தமக்கு ஏற்ற ஒரு நடுப்புள்ளியில் நின்றார்கள். உச்சிமுரா அந்தப் பேரத்துக்கே உடன்படவில்லை. பதக்கங்களின் எண்ணிக்கையைவிட அவரைத் தனித்து நிறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1989 ஜனவரி 3 அன்று, கிட்டாக்கியூஷு நகரில். வளர்ந்தது நாகசாகி மாநிலத்தின் இசஹாயாவில். பெற்றோர் இருவரும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள், சொந்தமாகப் பயிற்சிக்கூடம் நடத்தியவர்கள். மூன்று வயதிலேயே கருவிகளோடு விளையாடத் தொடங்கிய சிறுவன், பள்ளி நோட்டுகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் அசைவுகளைக் கோட்டுருவங்களாக வரைந்து தள்ளியதாகச் சொல்லப்படுகிறது. காற்றில் உடல் எந்த நொடியில் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பதைத் தாளில் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம், பின்னாளில் உலகமே வியந்த அவருடைய வான்வெளி உணர்வுக்கு விதையாக இருந்திருக்கலாம்.

பதினைந்தாம் வயதில் வீட்டை விட்டுத் தோக்கியோவுக்குப் போனார். அவர் மிகவும் மதித்த ஜிம்னாஸ்ட் நவோயா ட்சுகஹாரா பயிற்சி பெற்ற அசாஹி செய்மெய் கழகம் அங்கே இருந்தது என்பதே காரணம். இந்த இடத்தில் ஜப்பானிய ஜிம்னாஸ்டிக்ஸின் வம்சாவளியைக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது. நவோயாவின் தந்தை மிட்சுவோ ட்சுகஹாரா, ஓடிவந்து மேசைமேல் கையூன்றிப் பாயும் வால்ட்டில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் பாய்ச்சலையும், 1972 மியூனிக்கில் கிடைக்கம்பியிலிருந்து இறங்கிக் காட்டிய புகழ்பெற்ற 'நிலாக் கரணத்தையும்' உருவாக்கியவர். 1968 முதல் அவரும் இடம்பெற்ற ஜப்பானிய ஆடவர் அணி, 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து அணித் தங்கம் வென்றது. அதன் பிறகு நீண்ட வறட்சி. அடுத்த அணித் தங்கத்துக்கு 2004 ஏதென்ஸ்வரை 28 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தனிநபர் ஆல்ரவுண்டிலோ 1984 லாஸ் ஏஞ்சலஸில் கோஜி குஷிகென் வென்ற தங்கத்துக்குப் பிறகு எந்தப் பதக்கமுமே வரவில்லை. உச்சிமுரா தோக்கியோவுக்கு ரயிலேறிய காலத்தில், அழகான ஜிம்னாஸ்டிக்ஸ் ஜப்பானுடையது என்ற பெருமிதமும் அதை மெய்ப்பிக்கப் போதுமான பதக்கங்கள் இல்லையே என்ற ஏக்கமும் ஒருசேர இருந்தன.

2008 பெய்ஜிங்கில் பத்தொன்பது வயது மாணவனாக அவர் களமிறங்கினார். ஆல்ரவுண்ட் இறுதியில், கைப்பிடிகளைப் பற்றிக் கால்களைச் சுழற்றும் கருவியான பொம்மல் ஹார்ஸிலிருந்து இருமுறை விழுந்து பட்டியலின் அடிப்பகுதிக்குத் தள்ளப்பட்ட பிறகு, எஞ்சிய நான்கு கருவிகளில் ஒவ்வொன்றாக ஏறிவந்து, சீனாவின் யாங் வெய்க்கு அடுத்ததாக வெள்ளி வென்றார். குஷிகெனுக்குப் பின் அப்பிரிவில் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இரண்டு வீழ்ச்சிகளோடு வெள்ளி என்றால், வீழ்ச்சி இல்லாத நாளில் என்ன ஆகும் என்று மற்ற நாடுகளின் பயிற்சியாளர்கள் அன்றிரவே கணக்குப் போட்டிருப்பார்கள்.

விடை அடுத்த ஆண்டே வந்தது. 2009 லண்டன் உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடத்தவரைவிட 2.575 புள்ளி முன்னிலை. 2010 ரோட்டர்டாமில் 2.283. பூகம்பமும் சுனாமியும் தாக்கிய 2011இன் அக்டோபரில் தோக்கியோவிலேயே நடந்த போட்டியில் 93.631 பெற்று, ஜெர்மனியின் பிலிப் பாயை 3.101 புள்ளியில் பின்தள்ளினார். பதக்கங்கள் பத்தில் ஒரு பங்கிலும் நூறில் ஒரு பங்கிலும் முடிவாகும் விளையாட்டில் மூன்று புள்ளி என்பது வேறு ஏதோ விளையாட்டு ஆடியதற்குச் சமம். உலக ஆல்ரவுண்ட் பட்டத்தைத் தொடர்ந்து மூன்றுமுறை வென்ற முதல் ஜிம்னாஸ்ட் என்ற பெயரும் அதோடு வந்தது. பின்னர் 2013இல் ஆண்ட்வெர்ப், 2014இல் நான்னிங், 2015இல் கிளாஸ்கோ என்று அது ஆறாயிற்று. இடையில் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கமும் இறுதியில் ரியோவும் சேர, எட்டு ஆண்டுகளில் நடந்த எட்டு உலக அளவிலான ஆல்ரவுண்ட் போட்டிகளையும் ஒரே மனிதர் வென்றிருந்தார். ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் தங்கத்தை இருமுறை வென்ற ஆடவர்களில் அவர் நான்காமவர். அவருக்கு முந்தியவர் 1968, 1972 போட்டிகளில் வென்ற சவாவோ கத்தோ.

இந்த ஆதிக்கத்தின் இயக்கம் எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டும். ஆடவருக்குக் கருவிகள் ஆறு. தரைப் பயிற்சி, பொம்மல் ஹார்ஸ், வளையங்கள், வால்ட், இணைக்கம்பி, கிடைக்கம்பி என்ற இந்த ஆறும் ஒன்றுக்கொன்று பகையான உடல்களைக் கேட்கின்றன. வளையங்களுக்குக் கனத்த தோள்கள் வேண்டும்; பொம்மல் ஹார்ஸுக்கு அந்தக் கனமே சுமை, அங்கு கால்களின் நீளமும் மணிக்கட்டின் தாளமும் பேசும். தரையும் வால்ட்டும் கால்களின் வெடிப்பைக் கேட்கும். இணைக்கம்பியும் கிடைக்கம்பியும் ஊசலின் நேரக் கணிப்பைக் கேட்கும். எனவேதான் புதிய விதிகளின் காலத்தில், ஒன்றிரண்டு கருவிகளில் மட்டும் மிகக் கடினமான ஆட்டத்தை வளர்த்துக்கொள்ளும் தனிக்கருவி வல்லுநர்கள் பெருகினார்கள். உச்சிமுராவுக்கு வளையங்கள் மிகச் சிறந்த கருவியல்ல, பொம்மல் ஹார்ஸும் அல்ல. ஆனால் எதிலும் அவர் ஓட்டை விடவில்லை. அவருடைய தனிக்கருவி உலகப் பட்டங்கள் மூன்று: 2011இல் தரை, 2013இல் இணைக்கம்பி, 2015இல் கிடைக்கம்பி. மூன்றும் மூன்று வெவ்வேறு திறன்களைச் சோதிக்கும் கருவிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய ஆட்டத்தைப் பார்க்கும் புதியவருக்கு நான் சொல்வது ஒன்றே: பறப்பதை விட்டுவிட்டு இறங்குவதைப் பாருங்கள். காற்றில் உடல் சுழலும் வேகத்தைத் தரையைத் தொட்ட பிறகு மாற்ற வழியில்லை. அடி எடுக்காமல் நிற்க வேண்டுமென்றால், கருவியை விட்டுப் பிரியும் கணத்திலேயே உயரமும் சுழற்சியும் சரியாக அமைந்திருக்க வேண்டும், சுழற்சியை முடித்துத் தரையைக் கண்ணால் தேடிப் பிடிக்க ஒரு நொடியின் சிறு பகுதி மிஞ்சியிருக்க வேண்டும். அசையாத இறக்கம் என்பது கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரம் அல்ல. அதற்கு முந்திய எல்லாமே சரியாக நடந்தது என்பதற்கான சான்று. 2012 லண்டனில் வால்ட்டில் அவர் அப்படி நின்றபோது கிடைத்த 16.266, அந்தத் தங்கத்தின் பாதியை அங்கேயே முடிவு செய்துவிட்டது. ரியோவில் வெர்னியாயேவ் இழந்ததும் இந்த இடத்தில்தான். எனவேதான் அந்த 0.099ஐப் பற்றி அவருக்குப் புகார் இருக்கவில்லை.

தனிநபர் பட்டங்கள் இவ்வளவு எளிதாக வந்தவருக்கு, அவர் பெரிதும் விரும்பிய அணித் தங்கம் மட்டும் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. பெய்ஜிங்கில் வெள்ளி, லண்டனிலும் வெள்ளி. அந்த லண்டன் வெள்ளிக்குப் பின்னால் ஒரு சங்கடமான கதை உண்டு. கடைசி ஆட்டமாகப் பொம்மல் ஹார்ஸில் உச்சிமுராவின் இறக்கம் தடுமாற, நடுவர்கள் அதற்கு மதிப்புத் தரவில்லை. ஜப்பான் நான்காம் இடம் என்று பலகை காட்டியது. ஜப்பானின் மேல்முறையீட்டுக்குப் பின் மதிப்பெண் 0.7 உயர்த்தப்பட, ஜப்பான் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. கொண்டாடிக்கொண்டிருந்த பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்கியது, உக்ரைன் பதக்கமேடையிலிருந்தே நீங்கியது. வெள்ளி கிடைத்தும் யாரும் மகிழாத இரவு அது. 2014 நான்னிங்கில் சீனாவிடம் இழந்தது 0.1 புள்ளியில், ஒரு சிறு அடி, ஒரு வளைந்த முழங்கால். 2015 கிளாஸ்கோவில்தான், 1978க்குப் பிறகு 37 ஆண்டுகள் கழித்து, ஜப்பான் உலக அணிப் பட்டத்தை மீட்டது.

ரியோவில் தகுதிச் சுற்றில் அவர் கிடைக்கம்பியிலிருந்து விழுந்தார், அதனால் அக்கருவியின் இறுதிக்கே தகுதி பெறவில்லை. இரண்டு நாள் கழித்து அணி இறுதி. ஓர் அணியில் ஒரு கருவிக்கு மூவர் மட்டுமே ஆடலாம், மூவர் மதிப்பெண்ணும் கணக்கில் வரும் என்ற நிலையில், உச்சிமுரா ஆறு கருவிகளிலும் ஆடினார். ஜப்பான் தங்கம் வென்றது. மேலும் இரண்டு நாள் கழித்து, நாம் முதலில் பார்த்த ஆல்ரவுண்ட் இறுதி. ஆகஸ்ட் 6 முதல் 10 வரை ஐந்து நாட்களில் ஆறு கருவிகளிலும் மும்முறை, மொத்தம் 18 ஆட்டங்கள், 27 வயது உடலில். கடைசிக் கிடைக்கம்பி ஆட்டத்தின் நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டதாக அவரே பின்னர் சொன்னார். (இதே பயணத்தில், போட்டிக்கு முன் கைப்பேசி விளையாட்டான 'போக்கிமான் கோ'வில் மூழ்கியதால் சுமார் ஐந்து லட்சம் யென் இணையக் கட்டணம் வந்து அவர் அதிர்ந்துபோனதும் செய்தியாயிற்று. எதிலும் ஓட்டை விடாதவருக்கு அங்கே ஒன்று விழுந்துவிட்டது.)

அதே ஆண்டின் இறுதியில் கொனாமி நிறுவன அணியிலிருந்து விலகி, ஜப்பானின் முதல் தொழில்முறை ஜிம்னாஸ்ட் ஆனார். ஜப்பானில் ஜிம்னாஸ்ட் என்றால் பல்கலைக்கழக அணி அல்லது நிறுவன அணியின் ஊழியர் என்பதே வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்து, இந்த விளையாட்டையே ஒரு தொழிலாக நிறுத்த முடியும் என்று காட்டுவது அவருடைய நோக்கமாக இருந்தது.

உடல் அதற்கு நீண்ட நாள் ஒத்துழைக்கவில்லை. 2017 மொன்ட்ரியல் உலகச் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றில் வால்ட்டிலிருந்து இறங்கும்போது இடது கணுக்காலில் காயம் ஏற்பட, அவர் போட்டியிலிருந்து விலகினார். உள்நாட்டுப் போட்டிகளையும் சேர்த்து 2008 முதல் நீண்டிருந்த 40 ஆல்ரவுண்ட் வெற்றிகளின் தொடர் அங்கே அறுந்தது. இறக்கத்தால் பெயர் பெற்றவரின் தொடரை அறுத்ததும் ஓர் இறக்கம்தான். 2018 தோஹாவில் கிடைக்கம்பியில் வெள்ளி வென்றாலும் அவர் ஆல்ரவுண்டராக ஆடவில்லை. 2019இல் தோள்வலியால் தேசிய அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. 2020இல், சொந்த நாட்டில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை முன்னிட்டு, கிடைக்கம்பி ஒன்றில் மட்டும் ஆடுவதென்று முடிவெடுத்தார். ஆறும் செய்பவனே ஜிம்னாஸ்ட் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவர் தனிக்கருவி வல்லுநராக மாறியது, அவருடைய வாழ்க்கையின் மிகக் கசப்பான தீர்மானமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அந்த முடிவும் எளிதாகப் பலிக்கவில்லை. ஒலிம்பிக் தேர்வில் ஒரு வால்ட் வீரருடன் புள்ளிகளில் சமநிலை ஏற்பட்டு, அதை உடைக்கும் விதியின் துணையால்தான் இடம் கிடைத்தது. 2021 ஜூலை 24 அன்று அரியாக்கே ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கில், கம்பிக்கு மேலே இரு கரணங்களோடு இரு முறுக்குகளும் சேரும் மிகக் கடினமான பிரெட்ஷ்னைடர் அசைவை அவர் சரியாகப் பிடித்தார். பிறகு, அதைவிட எளிதான ஒரு கைச்சுழற்சியில் பிடி நழுவி விழுந்தார். 13.866 புள்ளி, இறுதிக்குத் தகுதியில்லை. சில நாள் கழித்து அதே அரங்கில் 19 வயது டைக்கி ஹஷிமொட்டோ ஆல்ரவுண்ட் தங்கமும் கிடைக்கம்பித் தங்கமும் வென்றார்.

அவ்வாண்டு அக்டோபரில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது, அவர் பிறந்த கிட்டாக்கியூஷுவில். கிடைக்கம்பி இறுதியில் ஆறாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் இறங்கிய கால்கள் அசையவில்லை. அதுவே அவருடைய கடைசிப் போட்டி. 2022 ஜனவரியில் ஓய்வை அறிவித்தபோது கணக்கில் இருந்தவை ஒலிம்பிக்கில் 3 தங்கம், 4 வெள்ளி. உலகச் சாம்பியன்ஷிப்களில் 10 தங்கம் உட்பட 21 பதக்கங்கள்.

ஆனாலும் கிடைக்கம்பியோடு மட்டும் விடைபெற அவருக்கு மனமில்லை. 2022 மார்ச் 12 அன்று தோக்கியோ மெட்ரோபாலிட்டன் ஜிம்னேசியத்தில் அவருக்காக நடந்த பிரிவு நிகழ்ச்சியில், ஆண்டுக்கணக்கில் விட்டிருந்த மற்றக் கருவிகளையும் மீண்டும் பழகி வந்து, தரை முதல் கிடைக்கம்பிவரை ஆறிலும் ஆடி முடித்தார்.